எகுறுக்கும் ஒடம்புக்கும் என்னங்க சம்பந்தம்?

பல் வைத்தியரிடம் யாரும் முதலில் வருவதில்லை. உப்புத் தண்ணீர், கிராம்பு, புகையிலைத் துணுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரை என்று நான்கும் கைவிட்ட பிறகு ஐந்தாவதாகத்தான் வருவார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த அறைக்குள்ளே வெள்ளை கோட்டோடு நிற்பவருக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நீங்களும் நினைத்திருப்பீர்கள். நான் உள்ளே நின்றவள். பல நாள் உங்களைவிட அதிகமாக விழித்தவள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் படிப்பு முடிந்த கையோடு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கணவருக்கு பாங்கில் வேலை. மாற்றல் தருமபுரிக்கு வந்தது. அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பன்னிரண்டு கட்டில் போட்ட ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. அதை நடத்தியவர் டாக்டர் ராமமூர்த்தி. காய்ச்சல், இருமல், சர்க்கரை, பிரஷர் எல்லாம் அவர் பார்ப்பார். பல்லுக்கென்று ஓர் அறையை எனக்குக் கொடுத்தார். சாய்ந்துகொள்ளும் நாற்காலி ஒன்று, காலால் மிதித்துப் பல்லைக் குடையும் மெஷின் ஒன்று, உதவிக்கு ஜமீலா என்கிற நர்ஸ். ஜமீலா உள்ளூர்க்காரி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள்.

மூன்று நோய்

நான் திருநெல்வேலிக்காரி. பல்லைச் சுற்றியுள்ள சதைக்கு எனக்குத் தெரிந்த சொல் ஈறு. முதல் வாரம் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, "எகுறு சரியில்லீங்க" என்றார். எது எகிறுகிறது என்று எனக்குப் புரியவில்லை. எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்து வந்த அம்மாள் கன்னடம் பேசுகிற வீட்டைச் சேர்ந்தவர். "ஒசடு நோவுதுங்க" என்றார். அதையும் எழுதினேன். மூன்றாவதாக ஒரு தெலுங்குக்காரப் பெரியவர், சிகுரில் ரத்தம் வருகிறது என்றார். துளிர் என்றல்லவா அதற்கு அர்த்தம் என்று குழம்பினேன்.

மூன்று பேரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பாடப் புத்தகத்தைத் திறந்து, இந்த மூன்று குறியும் சேர்ந்து எந்த நோயில் வரும் என்று தேட ஆரம்பித்தேன். ஜமீலா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மெதுவாக மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "மூணு பேருக்கும் ஒரே எடந்தான் மேடம் நோவுது. பேருதான் வேற."

கையில் பாட்டில்

இப்ராகிம் பாய்க்குப் புளி மண்டி. நாற்பத்தெட்டு வயது. இரண்டு வருஷத்தில் நான்கு பல் தானாகவே ஆடி விழுந்திருந்தது. ஐந்தாவது ஆடுகிறது என்று வந்தார். வாயைத் திறந்தால் ஈறில் ஒன்றல்ல, நான்கைந்து இடத்தில் சீழ்க்கட்டி. அழுக்குப் படிந்த வாய்தான். ஆனால் அழுக்குக்கு மிஞ்சின அழிவாக இருந்தது. கல்லூரியில் ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தார்: இப்படிப் பல இடத்தில் ஒரே நேரத்தில் கட்டி கண்டால் சர்க்கரையைப் பார்த்துவிடு என்று.

"பாய், தண்ணி ரொம்பத் தாகம் எடுக்குதா? ஒண்ணுக்கு அடிக்கடி போறீங்களா?" என்று கேட்டேன். அவர் ஜமீலாவைத் திரும்பிப் பார்த்தார். ஜமீலாவின் அண்ணனுக்கு அவர் தெரிந்தவர். பாயின் முகமெல்லாம் சிவந்துவிட்டது. "எகுறுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார். சிறுநீர் பிடிக்க ஒரு பாட்டிலைக் கொடுத்து டாக்டர் ராமமூர்த்தியிடம் அனுப்பினேன். அந்த நாளில் சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றிச் சூடு காட்டுவார்கள். சர்க்கரை இருந்தால் நிறம் மாறும். பாயுடையது செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டுப் பாய் திரும்பி வந்து என் அறை வாசலில் நின்று சொன்னார்: "பல்லக் காட்ட வந்தவன ஆயுசுக்கும் நோயாளி ஆக்கிட்டீங்க டாக்டரம்மா."

கோபம் ஒரு வாரம்தான். பிறகு இரண்டு வைத்தியமும் ஒன்றாக நடந்தது. ராமமூர்த்தி சர்க்கரைக்கு மாத்திரை கொடுத்தார். நான் சீழை வடித்து, காப்பாற்ற முடியாத மூன்று பல்லை எடுத்து, மற்றதைச் சுத்தம் செய்தேன். மூன்று மாதத்தில் ஈறு இறுகிவிட்டது. சர்க்கரையும் இறங்கிவிட்டது, ராமமூர்த்தி எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே. "என் மாத்திரை இவ்வளவு வேலை செய்யாதேம்மா. உங்க பக்கம் சீழ் போனதும்தான் இது இறங்கியிருக்கு" என்றார் அவர். "இல்லை சார், சர்க்கரை இறங்கினதால்தான் என் பக்கம் ஆறியிருக்கு" என்றேன் நான். புத்தகத்தில் இருந்தது நான் சொன்னது. எதிரே உட்கார்ந்திருந்தது அவர் சொன்னதற்குச் சாட்சி. நாங்கள் பேசப் பேச, பாய் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்: "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அதுவரைக்கும் நான் மாத்திரையும் சாப்பிடறேன், பல்லும் வௌக்கறேன்."

அந்த மாத்திரைதான் காரணம்

சித்தேரி மலையிலிருந்து வெள்ளையம்மா என்பவர் தன் மகள் செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பதினெட்டு வயதுப் பெண். முந்தானையால் வாயை மூடியே உட்கார்ந்திருந்தாள். துணியை எடுக்கச் சொல்லிப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. முன்பல் தெரியவில்லை. ஈறு வளர்ந்து இறங்கிப் பல்லை மூடியிருந்தது. விளிம்பு மட்டும் அரிசிமணி போல வெளியே நின்றது. பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் பேசாமல் திரும்பிப் போய்விட்டார்களாம்.

ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். சிறு வயதிலிருந்து வலிப்பு உண்டு, ஆறு வருஷமாக மாத்திரை, அதன் பிறகு வலிப்பு வரவில்லை என்றார் தாயார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியிருந்த அதே மருந்து. படித்ததை நேரில் காண்கிற சந்தோஷம் இருக்கிறதே, அது பொல்லாதது. "இந்த மாத்திரைதான்மா காரணம்" என்று சொல்லிவிட்டேன். ஈறை வெட்டிச் சரி செய்யலாம், அடுத்த வாரம் வாருங்கள் என்றும் சொன்னேன்.

அடுத்த வாரம் வரவில்லை. மூன்று வாரம் கழித்து வந்தார்கள். செல்வியின் இடது கையில் முழங்கைவரை கட்டு. நான் காரணம் என்று சொன்ன மாத்திரையை வெள்ளையம்மா அன்றைக்கே நிறுத்திவிட்டிருந்தார். ஒன்பதாம் நாள், அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தவளுக்கு வலிப்பு வந்து, கை நெருப்பில் போய்விட்டது. தாயார் என்னைத் திட்டவில்லை. "நீங்க காரணத்தச் சொன்னீங்க. நிறுத்தக்கூடாதுன்னு சொல்லலீங்களே" என்று மட்டும் சொன்னார். நான் இருவரையும் ராமமூர்த்தியிடம் அழைத்துப் போனேன்.

ராமமூர்த்தி வேறு மாத்திரை எழுதி, புதியதைக் கூட்டிக்கொண்டே பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். இந்த முறை ஒவ்வொரு வார்த்தையையும் தாயாரைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். கை ஆறிய பிறகு, நாலு தடவையாக மரத்துப்போக ஊசி போட்டு, வளர்ந்த ஈறை வெட்டி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர்கள் மலையிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வந்தார்கள். கடைசித் தடவை ஆறிய பின் ஜமீலா கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். செல்வி ரொம்ப நேரம் பார்த்தாள். உதட்டை மேலே தூக்கினாள், கீழே இறக்கினாள். பிறகு தன் அம்மாவிடம் கேட்டாள்: "இத்தன நாளு எம் பல்லு இங்கியேதான் இருந்துச்சாம்மா?"

செங்கல் பொடி

இப்ராகிம் பாயின் சர்க்கரையை நான் கண்டுபிடித்ததும், செல்வியின் மாத்திரையை நான் கண்டுபிடித்ததும் ஊரில் பரவிவிட்டது. கை வெந்த கதை அவ்வளவாகப் பரவவில்லை. வாயைப் பார்த்தே உடம்பைச் சொல்லிவிடுவார் என்று பேச்சு. எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது. அப்போது மொரப்பூரிலிருந்து மாரிமுத்து என்கிற விவசாயி வந்தார். ஈறு தேய்ந்து மேலே ஏறிப் பல்லின் வேர் தெரிந்தது. லேசாக ரத்தம். நான் விடவில்லை. சிறுநீர் பார்த்தோம், சர்க்கரை இல்லை. ரத்தம் பார்த்தோம், சரியாக இருந்தது. பிரஷர் பார்த்தோம், நெஞ்சைப் படம் எடுத்தோம். மூன்று தடவை மொரப்பூரிலிருந்து வந்து போனார் மனிதர்.

நான்காம் தடவை ஜமீலா சும்மா கேட்பது போல, "அண்ணே, எதுல பல்லு வௌக்குவீங்க?" என்றாள். மாரிமுத்து மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். நன்றாக இடித்த செங்கல் பொடி. அதை விரலால் எடுத்து, காலையும் மாலையும் கால் மணி நேரம் அழுத்தித் தேய்ப்பாராம். என் முகத்தைப் பார்க்காமல் ஜமீலா பஞ்சு மடிக்கப் போய்விட்டாள். மாரிமுத்துதான் எனக்கு ஆறுதல் சொன்னார்: "பரவாயில்லீங்க டாக்டரம்மா. ஒடம்புல ஒரு நோயும் இல்லன்னு நாலு நடையில தெரிஞ்சுதுங்களே."

கேட்காத கேள்வி

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் சிரமம்தான். கோவிந்தன் மலைப் பாதையில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். இருபத்தாறு வயது. ஈறெல்லாம் வீங்கி, தொட்டாலே ரத்தம். டிக்கெட் கொடுக்கக் குனிந்தால் வாய் நாற்றத்தில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று வெட்கத்தோடு சொன்னான். மூன்று தடவை உட்கார வைத்து, பல்லில் கட்டியிருந்த காறையை எல்லாம் சுரண்டி எடுத்தேன். நிறைய ரத்தம் வந்தது. ஆனால் நன்றாக ஆறியது. விசில் ஊதிக் காட்டிவிட்டுப் போனான்.

ஒன்றரை மாதம் கழித்து, ராமமூர்த்தியின் கட்டில் ஒன்றில் அவனைப் பார்த்தேன். மூன்று வாரமாகக் காய்ச்சல். மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை. ஆள் பாதியாகிவிட்டிருந்தான். படி ஏறினால் மூச்சு வாங்கியது. ராமமூர்த்தி அவன் நெஞ்சில் குழாயை வைத்து நீண்ட நேரம் கேட்டார். பிறகு, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். பத்து வயதில் வந்தது, பள்ளிக்கூடம் ஒரு வருஷம் போகவில்லை என்றான் கோவிந்தன். ராமமூர்த்தி என்னை வராந்தாவுக்கு அழைத்தார். "இதய வால்வுல கிருமி ஒக்காந்திருக்குன்னு நெனைக்கிறேன். இவன் வாய்ல நீங்க ஏதாவது வேலை செஞ்சீங்களாம்மா?" என்றார்.

செய்திருந்தேன். அந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிடும், அப்படிக் கெட்டவர்களுக்கு ஈறில் கை வைக்கும் முன் பென்சிலின் போட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தில் அடிக்கோடு போட்டிருந்தேன். ஆனால் கோவிந்தனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருபத்தாறு வயது, மலைப் பாதை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவன், இவனுக்கு என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துவிட்டேன். ராமமூர்த்தியிடம் சொன்னேன். "அந்த ஈறு இருந்த லட்சணத்துல, நீங்க தொடாமலே, சோறு மெல்லும்போதே தினம் கிருமி ரத்தத்துல போயிருக்கும். நீங்க தொட்டதாலயும் போயிருக்கலாம். எதுன்னு யாரும் சொல்ல முடியாது" என்றார்.

சேலம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வாரக் கணக்கில் பென்சிலின் ஊசி. மூன்றாவது வாரம், கணவரிடம்கூட முழுதாகச் சொல்லாமல், நான் பஸ் ஏறி அவனைப் பார்க்கப் போனேன். காய்ச்சல் விட்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, ஊசி போடாமல் வேலை செய்தேன், அதனால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றேன். அவன் இட்லியைக் கீழே வைத்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க," என்றான். "ஆனா அது பல்லு டாக்டர்கிட்ட சொல்ல வேண்டிய சங்கதின்னு எனக்கும் தெரியாதுங்களே."

பிழைத்துக்கொண்டான். வால்வு முன்னைவிடக் கெட்டுவிட்டது என்பதால் மலைப் பாதை வேலை போயிற்று. பஸ் முதலாளி நல்லவர். அவனை ஆபீஸில் டிக்கெட் கட்டு பிரித்துக் கொடுக்கும் வேலைக்குப் போட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்னிடம் வருவான். முதலில் ஊசி, பிறகுதான் வாய்.

ஜாதகம்

அதன் பிறகு யார் வந்தாலும் நான் வாயைத் திறக்கச் சொல்வதில்லை. முதலில் கேள்வி. சின்ன வயதில் மூட்டு வீங்கியதா? மூச்சு வாங்குகிறதா? சர்க்கரை உண்டா? வலிப்பு உண்டா? என்ன மாத்திரை? பெண்களாக இருந்தால், முழுகாமல் இருக்கிறாயா? கர்ப்பத்திலும் ஈறு வீங்கி ரத்தம் வரும், அதற்காகக் கேட்பது. அதைக் கேட்டதும் ஒரு புதுப் பெண் வெட்கப்பட்டு ஓடியேவிட்டாள். அவளுடைய மாமியார் மட்டும் திரும்பி வந்து, பல்லைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா என்று விசாரித்துவிட்டுப் போனார். பெஞ்சில் முணுமுணுப்பு. பல்லைப் பிடுங்க வந்தால் ஜாதகம் கேட்கிறார்கள் என்று பெயர் வந்துவிட்டது.

ஒரு நாள் சரோஜா என்கிற பள்ளிக்கூட டீச்சர் வந்தார். மூட்டுக் காய்ச்சல் வந்ததுண்டு, நெஞ்சில் சத்தம் கேட்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னதும் உண்டு என்றார். கேள்வி கேட்க ஆரம்பித்து ஒன்றரை வருஷத்தில் மூட்டுக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொன்ன முதல் ஆள். ராமமூர்த்தியிடம் காட்டி, பென்சிலின் போட்டு, அதன் பிறகே பல்லை எடுத்தேன். தினமும் ஜமீலாவை அவர் வீட்டுப் பக்கம் போய் விசாரிக்கச் சொன்னேன். இரண்டு மாதம் ஆயிற்று. ஒன்றும் ஆகவில்லை. ஊசியால் ஒன்றும் ஆகவில்லையா, ஊசி போடாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காதா? அதையும் யாரும் சொல்ல முடியாது. நான் பெருமைப்படலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது டீச்சரே வந்தார். ஊசி போட்ட இடம் இன்னும் கட்டியாக இருக்கிறதாம். "போன வருசம் சந்தையில ஒருத்தர்கிட்ட ரெண்டு பல்லு எடுத்தேன். ஊசியே போடல, ஒண்ணுமே ஆகல" என்றார். "நீங்க படிச்சவங்க, உங்ககிட்ட வந்துதான் இந்தக் கட்டி."

என் வாய்

கடைசியாக ஒன்று. தருமபுரிக்கு வந்த ஆறாம் வருஷம், பல் விளக்கும்போது எனக்கே ரத்தம் வந்தது. இரண்டு நாள் பார்த்தேன், நிற்கவில்லை. சர்க்கரையா? தாகம் எடுப்பது போலவே இருந்தது. ரத்தத்தில் ஏதாவதா? கையில் நீலம் பாரித்திருக்கிறதா என்று தேடினேன். மேஜையில் இடித்த ஓரிடம் கிடைத்தது, பயந்துவிட்டேன். யாருக்கும் தெரியாமல் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தேன். குழாயில் மருந்தின் நீலம் நீலமாகவே இருந்தது. கடைசியில் ராமமூர்த்தியிடம் போய் நின்று, நாடி, பிரஷர், நெஞ்சு எல்லாம் பார்க்கச் சொன்னேன். எல்லாம் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

திரும்பி வந்து என் நாற்காலியில் நானே சாய்ந்து, ஜமீலாவை விளக்கைப் பிடிக்கச் சொன்னேன். அவள் கண்ணாடியை உள்ளே விட்டுக் கீழ்ப்பல்லின் பின்பக்கம் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். ஆறு வருஷத்தில் எத்தனையோ வாயைச் சுத்தம் செய்த நான், என் வாயை ஒருவரிடமும் காட்டியதில்லை; ஊரில் வேறு பல் டாக்டர் இல்லை, சேலம் போக நேரமில்லை. விளக்கை அணைத்துவிட்டு ஜமீலா கேட்டாள்: "காறை சுண்ணாம்பு மாதிரி கெடக்குது மேடம், நீங்க பல்லே வௌக்கறதில்லையா?"

இத்தனை வருஷத் தொழிலில் நான் கற்றது, ஈறுக்கும் உடம்புக்கும் சம்பந்தம் நிச்சயம் உண்டு என்பது; ஆனால் எதைப் பார்த்து எதைச் சொல்வது என்று கேட்டால், அடுத்த ஆளை உள்ளே வரச் சொல்லுங்கள் என்பதுதான் என் பதில்.